சென்னையிலிருந்து மலைப்பாதை ஓட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடையாறிலும் பெசன்ட் நகரிலும் காலையில் ஓடிப் பழகியவர்கள், ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ போய் ஓட வேண்டும் என்று ஆசை வந்ததும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. நான் ஆதம்பாக்கத்தில் இருக்கிறேன். எட்டு வருடமாக, முடிந்தால் மாதம் ஒருமுறை, மலைக்குப் போய் ஓடிவிட்டு வருகிறேன். பயிற்சியாளரும் இல்லை, மருத்துவரும் இல்லை. ஓடித் தெரிந்துகொண்டதையும் மலையில் வாழ்கிறவர்கள் சொல்லிக்கொடுத்ததையும் எழுதியிருக்கிறேன்.

தார் ரோட்டில் ஓடுவதற்கும் மலைப்பாதையில் ஓடுவதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

முதல் வித்தியாசம் கணக்கு. கடற்கரைச் சாலையில் கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தில் ஓடுகிறவர் மலையிலும் அதையே எதிர்பார்த்துப் போனால், முதல் மேட்டிலேயே மூச்சு வாங்கி மனம் உடைந்துவிடும். மலையில் தூரத்தோடு ஏற்றத்தையும் கூட்ட வேண்டும். 100 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு கிலோமீட்டர் சேர்த்துக்கொள்வது மலை ஓட்டக்காரர்களின் வழக்கம். 12 கி.மீ. தூரமும் 700 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதை, உடம்புக்கு 19 கி.மீ. ஓடியது போல. இந்த மாதிரிக் கணக்கு புதிதில்லை. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892லேயே நடப்பவர்களுக்காக ஒன்று போட்டு வைத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம்.

இரண்டாவது, நடை. செங்குத்தான மேட்டில் எல்லோரும் நடப்பார்கள், பரிசு வாங்குகிறவர்களும்கூட. கையைத் தொடையில் ஊன்றி வேகமாக நடப்பது இந்த ஓட்டத்தின் ஒரு பகுதி.

சென்னை தட்டையான ஊர். இங்கே இருந்துகொண்டு எப்படிப் பயிற்சி எடுப்பது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் பரங்கிமலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 அடிதான் என்றாலும், அடிவாரத்திலிருந்து உச்சியில் இருக்கும் தேவாலயம்வரை படிகள் இருக்கின்றன. விடிகாலையில் ஏழெட்டு முறை ஏறி இறங்கினால் நல்ல பயிற்சி. சிலுவைப் பாதையாக ஜெபித்துக்கொண்டு ஏறுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு வழிவிட்டு ஓரமாகப் போங்கள். ஞாயிற்றுக்கிழமையும் திருவிழா நாட்களிலும் போகாதீர்கள். அங்கே காலடியில் இருக்கும் கருநீலப் பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால் அப்படிப் பெயர் வைத்தார்கள். ஏற்காட்டுக்குப் போனால் அங்கேயும் இதே பாறையைப் பார்க்கலாம். சேர்வராயன் மலையின் ஒரு துண்டு நம் ஊரிலேயே கிடக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

பரங்கிமலை தூரமென்றால் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படி போதும். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வையுங்கள். பத்து மாடியைப் பத்து முறை ஏறினால் 300 மீட்டர் ஏற்றம் ஆயிற்று. ஆனால் ஒன்று: லிஃப்டில் இறங்கி வராதீர்கள். இறங்குவதுதான் முக்கியமான பயிற்சி.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சென்னைக்காரர்கள் எல்லோரும் இடறுவது இங்கேதான். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கி, பிரேக் மாதிரி வேலை செய்கிறது. இந்த வேலைக்குப் பழகாத தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழும். வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வீட்டுப் படியில் இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் தெரியும். நல்ல செய்தி என்னவென்றால், தசை இதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. ஒருமுறை அளவாக இறங்கிப் பழகிவிட்டால் அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு வலிக்காது. அதனால் மலைக்குப் போவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பாகவே படி இறங்கும் பயிற்சியை ஆரம்பித்துவிடுங்கள்.

இறங்கும் முறையும் உண்டு. பின்னால் சாய்ந்து குதிகாலை ஊன்றினால் சறுக்கும். உடம்பைப் பாதையின் சாய்வுக்கு ஏற்ப லேசாக முன்னே கொடுத்து, சின்னச் சின்ன அடியாக, அடிக்கடி கால் மாற்றி இறங்க வேண்டும். கண் இரண்டு மூன்று மீட்டர் முன்னால் இருக்கட்டும், காலையே பார்த்துக்கொண்டு இறங்காதீர்கள்.

முதல் முறைக்கு எந்த மலை?

ஏலகிரி. யோசிக்கவே வேண்டாம்.

சென்ட்ரலில் பெங்களூர்ப் பக்கம் போகும் ரயில் ஏறினால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் ஜோலார்பேட்டை. அங்கிருந்து பொன்னேரி அடிவாரம் பக்கம்தான். (இது திருப்பத்தூர் மாவட்டத்துப் பொன்னேரி. நம் மீஞ்சூர்ப் பக்கத்துப் பொன்னேரி என்று நினைத்து ஒரு தோழி குழம்பிப் போனாள்.) அடிவாரத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்ப் பலகை இருக்கும். எந்தப் பலகைவரை ஓடினோம், எங்கே நடக்க ஆரம்பித்தோம் என்று நினைவில் வைத்துக்கொள்ள வசதி. அறுநூறு மீட்டருக்குமேல் ஏற்றம். தார்ச்சாலைதான், ஆனால் முதல் ஏற்றத்தைத் தாரில் கற்றுக்கொள்வது நல்லது. விடிந்ததும் ஏறிவிடுங்கள். எட்டு மணிக்குமேல் சுற்றுலா வண்டிகள் வர ஆரம்பித்துவிடும், வளைவில் ஓடுவது ஆபத்து.

மேலே போய்விட்டால் கதையே வேறு. ஏலகிரி என்பது ஒரே ஊரில்லை, 14 சிற்றூர்கள் சேர்ந்தது. அத்தனாவூர், நிலாவூர், புங்கனூர், மங்கலம், கோட்டையூர் என்று ஊருக்கு ஊர் மண்பாதையும் சிமெண்ட் பாதையும் போகின்றன. அவை மக்கள் தினமும் நடக்கும் பாதைகள். பலாமரமும் மாட்டுக்கொட்டகையும் வேலியோரத்துக் கோழியுமாக, பெரிய மேடு பள்ளம் இல்லாமல் 8 கி.மீ., 10 கி.மீ. சுற்று வைத்துக்கொள்ளலாம். மலைப்பாதைக்குக் கால் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

மங்கலத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்குப் போகும் பாதை காட்டுக்குள் போகிறது. கல்லும் வேரும் நிறைந்த செங்குத்து ஏற்றம். இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அனுமதியோடு. அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஜவ்வாது மலை எப்படி?

ஏலகிரி பழகியபின் நான் திரும்பத் திரும்பப் போவது ஜவ்வாதுக்குத்தான். திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை. ஒரு பக்கம் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறலாம். இன்னொரு பக்கம் வாணியம்பாடி ரயில் நிலையத்தில் இறங்கி, ஆலங்காயம் வழியாகக் காவலூருக்கு ஏறலாம். காவலூர் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கேதான் வைணு பாப்பு வானியல் ஆய்வகம். இரண்டே கால் மீட்டருக்குமேல் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது. 1986இல் அதற்கும் ஆய்வகத்துக்கும் வானியலாளர் பாப்புவின் பெயரை வைத்தார்கள். வானம் இருட்டாக இருப்பதால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே விடியுமுன் அந்தப் பக்கம் ஓடுகிறவர்கள் தலைவிளக்கைத் தரையைப் பார்த்துத் தாழ்த்தி, குறைந்த வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜமுனாமரத்தூரைச் சுற்றிலும் சாமை விளையும் கொல்லைகளுக்கு நடுவே ஊர்ப்பாதைகள் போகின்றன. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் ஊர்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று நினைக்க வேண்டாம், மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ்தான். கோமுட்டேரி, பீமன் அருவி என்று பார்க்க இடங்கள் இருந்தாலும், எனக்கு அந்தக் கொல்லையோரப் பாதைகள்தான் பெரிது.

ஒருமுறை அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது புல்லுக்கட்டு சுமந்து எதிரே வந்த ஒரு பாட்டி நின்று கேட்டார்: “ஏம்மா, பஸ்ஸ விட்டுட்டியா?” இல்லை பாட்டி, சும்மா உடம்புக்காக ஓடுகிறேன் என்றேன். கட்டை இறக்கி வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தார். நான் போகவிருந்த ஓடைப் பாதையைக் கேட்டுவிட்டு, “ராத்திரி மேலே மழைம்மா. அந்தப் பக்கம் போகாதே, பாறை பாசி புடிச்சிருக்கும்” என்றார். அன்று சுற்றுப்பாதையில் போனேன். திரும்பும்போது மேட்டிலிருந்து ஓடையைப் பார்த்தேன், பாதை தண்ணீருக்குள் இருந்தது. என் கைக்கடிகார வரைபடத்தில் அது நல்ல பாதையாகத்தான் தெரிந்தது. அதிலிருந்து எந்த ஊரில் ஓடத் தொடங்கினாலும் முதலில் அங்கே இருக்கும் ஒருவரிடம் நின்று பேசிவிட்டுத்தான் போகிறேன். வரைபடம் பாதையைக் காட்டும். இன்றைக்கு அது எப்படி இருக்கிறது என்பதை அங்கே நடக்கிறவர்தான் சொல்ல முடியும்.

ஏற்காடும் கொல்லிமலையும்?

ஏற்காட்டுக்கு இரவு ரயிலில் சேலம் போய், முதல் பஸ்ஸில் ஏறிவிடலாம். 1,500 மீட்டருக்கும் மேலான உயரம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும், அதனால் சென்னையில் வியர்த்துக் கொட்டும் நாளிலும் அங்கே சுகமாக ஓடலாம். ஊரிலிருந்து சேர்வராயன் கோயிலுக்குப் போய்வருவது அருமையான காலை ஓட்டம். நீண்ட ஓட்டம் வேண்டுமென்றால் 32 கி.மீ. சுற்றுச்சாலை இருக்கிறது. காப்பித் தோட்டத்துப் பாதைகள் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அவை தனியார் நிலம். கேட்டால் பல இடங்களில் விடுவார்கள், கேட்காமல் நுழையாதீர்கள். காட்டு மாடுகள் தோட்டங்களுக்குள்ளேயே திரிகின்றன என்பது இன்னொரு காரணம்.

கொல்லிமலை கடினம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி, அதே படிகளை ஏறி வர வேண்டும். இறங்கும்போது உற்சாகமாக ஓடிவிட்டு ஏறும்போது உட்கார்ந்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படிகள் ஈரமாக இருந்தால் அங்கே ஓடவே ஓடாதீர்கள், நடங்கள்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் ஓடலாமா?

14 கி.மீ., நல்ல சாலை, இரவு பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் பக்தர்கள் வெறுங்காலோடு மெதுவாக நடக்கும் பாதை அது. பௌர்ணமி அன்றும் கார்த்திகை தீப சமயத்திலும் ஓடப் போகவே கூடாது. மற்ற நாட்களில் விடிகாலையில் ஓரமாக, சத்தமில்லாமல் ஓடலாம். என்னைக் கேட்டால், அங்கே போனால் நடப்பதுதான் அழகு.

சென்னைக்குப் பக்கத்திலேயே எதுவும் இல்லையா?

பூண்டிக்கு அருகே குடியம் குகைக்குப் போகும் பாதை இருக்கிறது. புதர்க்காடும் கூழாங்கல் படுகையுமான சின்னக் குன்றுகள். 1863இல் பல்லாவரத்தில் கற்கோடாரி கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆராய்ந்த பகுதி இது, பழைய கற்காலக் கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கமும் பக்கத்தில்தான். உருண்டைக் கற்கள் மேல் ஓடக் கணுக்காலைப் பழக்க நல்ல இடம். காப்புக்காடு என்பதால் இதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். நிழல் குறைவு. ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

அனுமதி கட்டாயம் வாங்க வேண்டுமா? யாரும் பார்க்கப் போவதில்லையே?

கட்டாயம் வாங்க வேண்டும். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் குரங்கணியைச் சொல்வேன். 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்கள் அவர்களில் இருந்தார்கள், இளம் பெண்கள் பலர். நம்மைப் போலவே சனி, ஞாயிறுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. காட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று வனத்துறைக்குத் தெரிந்திருந்தால்தான், தீயோ வெள்ளமோ வரும்போது தேடி வர முடியும்.

நடைமுறையில் நான் இப்படிப் பிரித்துக்கொள்வேன். ஊர்ச்சாலை, ஊருக்கு ஊர் போகும் பாதை, கோயிலுக்கு மக்கள் தினமும் போகும் வழி ஆகியவற்றில் பொதுவாகத் தடை இல்லை. காப்புக்காடு என்ற பலகை வந்துவிட்டால் அனுமதியில்லாமல் ஒரு அடியும் வைக்கக் கூடாது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 மலையேற்றப் பாதைகளை அரசு திறந்தது. இணையத்தில் பதிவு செய்துகொண்டு, உள்ளூரைச் சேர்ந்த வழிகாட்டியோடு போகலாம். சுவாமிமலையும் குடியமும் அதில் உண்டு. ஆனால் அவை நடந்து ஏறுவதற்கானவை. வழிகாட்டியை விட்டுவிட்டு முன்னால் ஓடக் கூடாது. நான் அந்தப் பாதைகளுக்கு நடக்கத்தான் போகிறேன். பாறையையும் மரத்தையும் அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நடப்பது தனி இன்பம்.

கூட்டமாக அழைத்துப் போகிறவர்களிடமும் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரு குழுவோடு போனபோது, எல்லாம் பேசியாயிற்று என்று சொன்னார்கள். சோதனைச்சாவடியில் இறக்கிவிட்டபிறகுதான் யாரிடமும் பேசவில்லை என்று தெரிந்தது. அந்த இரவு முப்பது பேர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தோம்.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி தொடக்கம்வரை. மழை ஓய்ந்திருக்கும், புல் காய்ந்திருக்காது, ஓடையில் தண்ணீர் இருக்கும். பிப்ரவரி நடுவிலிருந்து காட்டுத்தீப் பருவம், அப்போது காட்டுப் பாதைகளை மூடிவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடிமழை வரும். மொட்டைப் பாறை மேல் இருந்தால் உடனே இறங்கிவிட வேண்டும். அக்டோபர், நவம்பரில் ஊர்ச்சாலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தனி ஷூ வாங்க வேண்டுமா?

ஊர்ப்பாதைகளுக்கு இருப்பதே போதும். கல்லும் சேறும் உள்ள பாதைக்கு, அடியில் பற்கள் ஆழமாக உள்ள ட்ரெயில் ஷூ வேண்டும். இறங்கும்போது விரல் முன்னால் இடிக்கும் என்பதால் அரை அளவு பெரிதாக எடுங்கள். நகத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள்.

தண்ணீர், சாப்பாடு எவ்வளவு?

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல். சென்னைக்காரர்களுக்கு வியர்வையில் உப்பு நிறையப் போகும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலை சுற்றும், குமட்டும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. நீண்ட ஓட்டத்துக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை அதில் குறிப்பிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலந்து கொண்டுபோங்கள். திட்டமாகக் கலக்க வேண்டும், கெட்டியாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் குறைக்கக் கூடாது. சாப்பிட கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், வாழைப்பழம். விலை உயர்ந்த ஜெல் பாக்கெட்டுகள் எனக்கு ஒத்துக்கொண்டதில்லை, அவற்றின் காலி உறைகள் பாதையோரம் கிடப்பதைப் பார்த்தால் வயிறும் எரிகிறது. ஓடி முடித்ததும் மலையில் கிடைக்கும் சாமைச் சோறோ களியோ வாங்கிச் சாப்பிடுங்கள். பணமும் ஊரிலேயே தங்கும்.

பாம்பு, கரடி பயம் இருக்கிறதே?

பயம் தேவையில்லை, கவனம் தேவை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் இந்தப் பகுதிகளில் உண்டு. புல் மூடிய பாதையில் ஓடாமல் நடங்கள். பாறை இடுக்கில் கை வைக்காதீர்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு, நம் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது. 1978இல் தொடங்கியது. ஒருமுறை போய்ப் பாருங்கள், பாம்பைப் பற்றிய பயம் பாதி குறையும்.

கரடி பெரும்பாலும் இரவிலும், அந்தியிலும், விடியலிலும் நடமாடும். காட்டோரப் பாதையில் வெளிச்சம் நன்றாக வந்தபிறகு ஓடுங்கள், வளைவுகளில் குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். இயர்போன் வேண்டவே வேண்டாம். நாய் துரத்தினால் நின்றுவிடுங்கள். ஓட்டத்தைத்தான் அது துரத்துகிறது.

பெண்கள் தனியாகப் போகலாமா?

ஏலகிரியிலும் ஏற்காட்டிலும் ஊர்ச்சாலைகளில் தனியாக ஓடியிருக்கிறேன். ஜவ்வாதில் எப்போதும் இரண்டு மூன்று பேராகப் போகிறேன். கால் பிசகினால் உதவிக்கு ஆள் வேண்டும் என்பதே முதல் காரணம், அது ஆண்களுக்கும் பொருந்தும். தங்கும் வீட்டு அக்காவிடம் எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். முழுக்கால் உடை போட்டுக்கொள்கிறேன். முள்ளுக்கும் நல்லது, ஊருக்குள் போகும்போது எனக்கும் இயல்பாக இருக்கிறது.

போனில் சிக்னல் இல்லாமல் வழி தவறிவிட்டால்?

வரைபடத்தை முன்னரே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தவறிவிட்டோம் என்று தெரிந்த உடனே, கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்கு வந்த வழியே திரும்புங்கள். குறுக்கே இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று ஓடையைப் பிடித்து இறங்காதீர்கள், ஓடை பாறைச் சரிவில் கொண்டுபோய் நிறுத்தும். ஒரு விசில் எப்போதும் பையில் இருக்கட்டும்.

ஊர்க்காரர்கள் எதிரே வந்தால் என்ன செய்வது?

ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். தலையில் சுமையோடு வருகிறவருக்கு மேட்டுப் பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள். ஆடு மாடு வந்தால் அவை கடக்கும்வரை நில்லுங்கள். மிரண்டு ஓடினால் மேய்க்கிறவருக்குப் பாதி நாள் வீண். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஒரு வணக்கம், எங்கே அண்ணா போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை, அது போதும். அந்த ஓடையோரப் பாட்டியை அடுத்த வருடம் போனபோது தேடிப் போனேன். அடையாளம் கண்டுகொண்டு, “இந்த வாட்டி ஓடையில தண்ணி இல்லம்மா, அந்தப் பக்கமே போ” என்றார்.